ரொம்ப ஒழுங்காக இருந்த கணக்கு

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமில்லாத நேரத்தில் சாவகாசமாகப் படியுங்கள்.

ஜப்பானில் யோஷிதகா ஃபுஜி என்று ஒரு மயக்க மருந்து மருத்துவர். இருபது ஆண்டுகளில் இருநூறுக்கு மேல் ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர். 2012-ல் ஜப்பான் மயக்கவியல் சங்கம் அவருடைய 212 கட்டுரைகளை எடுத்து வைத்து விசாரித்தது. 172 கட்டுரைகளில் பொய்த் தரவு. அதிலும் 126 ஆய்வுகள் அடியோடு கற்பனை. நோயாளி கிடையாது, மருந்து கொடுக்கவும் இல்லை, எதையும் அளக்கவும் இல்லை. மேசை முன்னால் உட்கார்ந்து நாவல் எழுதுவதுபோல எழுதியிருக்கிறார் என்று விசாரணைக் குழுவே சொன்னது. உண்மை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தவை 3. மீதி 37-ஐப் பற்றி இப்படியும் சொல்ல முடியவில்லை, அப்படியும் சொல்ல முடியவில்லை.

இவரை வசமாக மாட்டவைத்தது போலீஸ் அல்ல, கூட இருந்து காட்டிக் கொடுத்தவரும் அல்ல. அவரே அச்சில் போட்ட சராசரிகள்தான். அதனால்தான் பிள்ளைகளுக்குச் சராசரி சொல்லிக் கொடுத்தே காலத்தைக் கழித்த எனக்கு இந்தக் கதை மேல் இவ்வளவு ஈடுபாடு.

ஃபுஜியிடம் வருவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எண்களை வைத்தே ஆராய்ச்சியாளரைச் சந்தேகிக்கும் பழக்கம் கணினிக்கு முந்தையது.

கிரிகோர் மெண்டலை நம் எல்லோருக்கும் தெரியும். மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடி வளர்த்து மரபியலுக்கு அடிக்கல் நாட்டிய துறவி. 3:1 என்ற விகிதத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவருடைய ஒரு சோதனையில் உருண்டை விதை 5474, சுருங்கிய விதை 1850. வகுத்துப் பாருங்கள், 2.96 வரும். அழகான விடை.

1936-ல் ரொனால்டு ஃபிஷர் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் மெண்டலின் எல்லாச் சோதனைகளையும் ஒன்றுசேர்த்துக் கணக்குப் போட்டார். ஒவ்வொன்றாகப் பார்த்தால் குறை இல்லை. மொத்தமாகப் பார்த்தால்தான் உறுத்தியது. எல்லாமே எதிர்பார்த்த விகிதத்துக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தன. அதே சோதனைகளை ஒரு லட்சம் முறை திரும்பச் செய்தால் ஏழு முறைதான் இவ்வளவு நெருக்கமாக விடை வரும் என்று அவர் கணக்கு சொன்னது.

இது பலருக்கு விளங்காது. விடை சரியாக வந்தால் நல்லதுதானே என்பார்கள். ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டினால் 50 தலை வரலாம், 46 வரலாம், 55-ம் வரலாம். ஒரு பையன் இருபது நாள் சுண்டி, இருபது நாளும் 49, 50, 51 என்றே எழுதிக்கொண்டு வந்தால் அவன் நாணயத்தைத் தொடவே இல்லை என்று எந்த ஆசிரியரும் சொல்லிவிடுவார். ஊசல் சோதனையில் விடையை முதலில் எழுதிவிட்டு அளவீடுகளைப் பின்னால் நிரப்பும் கூட்டம் எந்தப் பள்ளியில்தான் இல்லை!

ஃபிஷர் மெண்டலைத் திருடன் என்று சொல்லவில்லை. என்ன விடை வேண்டும் என்பதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்த உதவியாளர் யாராவது அவரை ஏமாற்றியிருக்கலாம் என்று கருதினார். மெண்டலின் விதி சரியான விதி. அந்த எண்களைப் பற்றிய வாதம் மட்டும் பல தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த கதை ஆசிரியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆசிரியர் பயிற்சியில் கல்வி உளவியல் படித்தவர்களுக்கு சிரில் பர்ட் என்ற பெயர் நினைவிருக்கும். நுண்ணறிவு பெரும்பாலும் பிறப்பிலேயே வருவது என்று சொன்ன இங்கிலாந்துக்காரர். பிள்ளைகளுக்குப் பதினோரு வயதில் ஒரு தேர்வு வைத்து, இவன் இந்தப் பள்ளிக்கு, அவன் அந்தப் பள்ளிக்கு என்று பிரிக்கும் முறை அங்கே இருந்ததே, அதற்குத் துணை நின்ற கருத்துகளில் இவருடையதும் ஒன்று.

பிறந்ததிலிருந்து தனித்தனி வீடுகளில் வளர்ந்த இரட்டையரை ஆராய்ந்ததாக பர்ட் எழுதினார். 1955-ல் 21 ஜோடிகள். 1958-ல் முப்பதுக்கு மேல். 1966-ல் 53 ஜோடிகள். நுண்ணறிவுத் தேர்வில் இரட்டையரின் மதிப்பெண்களுக்கு இடையே உள்ள ஒட்டுறவுக் கெழு மூன்று முறையும் 0.771. ஆள் எண்ணிக்கை இரண்டரை மடங்காகியும் மூன்றாவது தசம இடம்கூட அசையவில்லை. வகுப்பில் புதிதாக இரண்டு பிள்ளைகள் சேர்ந்தாலே சராசரி மாறிவிடும் என்பது நமக்குத் தெரியும்.

பர்ட் 1971-ல் இறந்தார். அமெரிக்க உளவியலாளர் லியோன் காமின் 1974-ல் இதைப் புத்தகமாகவே போட்டு உடைத்தார். கட்டுரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்ததுதான் அவர் செய்தது. பர்ட் கவனக்குறைவானவர், மோசடிக்காரர் அல்ல என்று பின்னால் வாதாடியவர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். அந்த 0.771 பல ஆண்டுகள் எல்லார் கண்முன்னும் அச்சில் கிடந்தது என்பதுதான் என்னை வாட்டுகிற விஷயம். அந்தத் தேர்வில் கழித்துக்கட்டப்பட்ட பிள்ளைகள் அதற்குள் வளர்ந்து வேலைக்கே போயிருப்பார்கள்.

இனி ஃபுஜிக்கு வருவோம்.

அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளியும்போது பலருக்குக் குமட்டலும் வாந்தியும் வரும். தையல் போட்ட வயிற்றோடு வாந்தி எடுத்தவர்களைக் கேட்டால் அந்த வேதனையைச் சொல்வார்கள். கிரானிசெட்ரான் என்ற மருந்து அதை எவ்வளவு தடுக்கிறது என்பதுதான் ஃபுஜி அதிகமாக எழுதிய பொருள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு இந்த மருந்து, இன்னொரு பிரிவுக்கு வேறு மருந்து அல்லது வெறும் மருந்து கொடுத்து ஒப்பிட்டதாக வரிசையாகக் கட்டுரைகள்.

2000-ஆம் ஆண்டிலேயே பீட்டர் கிராங்கே என்ற ஜெர்மானிய மருத்துவரும் அவருடைய சக மருத்துவர்கள் இருவரும் ஒரு மயக்கவியல் இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். ஃபுஜியின் 47 கட்டுரைகளைப் படித்துவிட்டு, இந்தத் தரவு நம்ப முடியாத அளவுக்கு நேர்த்தியாக இருக்கிறது என்று தலைப்பிலேயே போட்டார்கள். கிண்டல் புரிகிறதா? பக்க விளைவாகத் தலைவலி வந்தவர்களின் எண்ணிக்கை, பல கட்டுரைகளில் எல்லாப் பிரிவுகளிலும் ஒரே எண்ணாக இருந்தது. எந்த மருந்து கொடுத்தாலும் அதே எண்.

இதழ் கடிதத்தை வெளியிட்டது. ஃபுஜியின் பதிலையும் பக்கத்தில் வெளியிட்டது. உங்களுக்கு இன்னும் எவ்வளவு ஆதாரம்தான் வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தார். அதோடு சரி. அதே இதழ் அதற்குப் பிறகும் அவருடைய கட்டுரைகளை வாங்கிப் போட்டது. 2005-ல் டோக்கியோவின் தோஹோ பல்கலைக்கழகத்தில் அவருக்கு வேலையும் கிடைத்தது.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. கணக்குப் போடத் தெரியாமல் நழுவிய விஷயம் இல்லை இது. கணக்குப் போட்டு, விடையையும் எழுதிக் கையில் கொடுத்தாயிற்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தார்கள். அதுவரை உலகெங்கும் மருத்துவர்கள் மருந்தின் அளவை முடிவு செய்யப் பார்த்த தொகுப்பு ஆய்வுகளுக்குள் இந்தக் கற்பனை நோயாளிகளும் கலந்திருந்தார்கள்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையில் டார்க்கீ என்று ஓர் ஊர். அங்குள்ள டார்பே மருத்துவமனையில் ஜான் கார்லைல் என்ற மயக்க மருந்து மருத்துவர் வேலை பார்த்தார். புள்ளியியல் பேராசிரியர் எல்லாம் இல்லை, வேலைக்கு நடுவில் எண்களை நோண்டும் பழக்கம் உள்ளவர். வாந்தி தடுக்கும் மருந்துகளைப் பற்றிய 737 ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வெளியிட்ட இருவரில் ஒருவர். அதனால் ஃபுஜியின் கட்டுரைகள் அவருக்கு அத்துப்படி.

அவர் மருந்தின் பலனைத் தொடவில்லை. கட்டுரையின் முதல் அட்டவணையைப் பிடித்துக்கொண்டார். சிகிச்சைக்கு முன்னால் ஒவ்வொரு பிரிவிலும் இருந்தவர்களின் சராசரி வயது, எடை, உயரம், ரத்த அழுத்தம் எல்லாம் அதில் இருக்கும். படிக்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகிற அட்டவணை. பொய் எழுதுகிறவரும் அவ்வளவாக யோசிக்காமல் நிரப்புகிற அட்டவணை.

நம் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்து சொல்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு 6-அ, 6-ஆ என்று பிரிக்கிறோம். இரண்டு பிரிவின் சராசரி உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், ஆனால் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. ஒரு பள்ளியில் அரை சென்டிமீட்டர் வித்தியாசம், இன்னொன்றில் இரண்டு, எங்கேயோ ஓரிடத்தில் மூன்று. எத்தனை பள்ளியில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். நூற்று அறுபது பள்ளிகளிலிருந்து வந்த பட்டியலில் பெரிய வித்தியாசமே தென்படவில்லை என்றால் அந்தப் பட்டியல் அளவு நாடாவிலிருந்து வரவில்லை, தலைக்குள்ளிருந்து வந்திருக்கிறது. மனிதனுக்குத் தற்செயலைப் போலியாக எழுத வராது. சமமாக எழுதினால்தான் நம்புவார்கள் என்று நினைத்து அளவுக்கு மீறிச் சமமாக எழுதிவிடுவான்.

கார்லைல் ஃபுஜியின் 168 ஆய்வுகளை இப்படிச் சோதித்து 2012-ல் 'அனஸ்தீசியா' என்ற இதழில் வெளியிட்டார். பார்த்த 33 அளவுகளில் 28 எதிர்பார்த்த பரவலோடு ஒத்துப் போகவில்லை. சிலவற்றில் இது தற்செயலாக நடந்திருக்க வாய்ப்பு, ஒன்றுக்குப் பின்னால் 33 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்போதும் அவர் மோசடி என்ற சொல்லை வீசவில்லை. இப்படி அமைந்ததற்கு இயல்பான காரணம் தெரியும்வரை இந்த ஆய்வுகளைத் தொகுப்புகளில் சேர்க்கக் கூடாது என்றுதான் முடித்தார்.

இந்த முறை அசைந்தார்கள். 23 இதழ்களின் ஆசிரியர்கள் சேர்ந்து கையெழுத்திட்டு, ஃபுஜி வேலை பார்த்த நிறுவனங்களிடம் விளக்கம் கேட்டார்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஆய்வு செய்ததாக தோஹோ பல்கலைக்கழகம் அதற்குக் கொஞ்சம் முன்புதான் அவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தது. பிறகுதான் நான் முதலில் சொன்ன விசாரணை. கட்டுரைகளில் இணை ஆசிரியர் என்று பெயர் போடப்பட்ட சிலருக்கே அந்த விஷயம் தெரியாதாம். உலகத்திலேயே மிக அதிகமான கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டவர் என்ற பெயரை ஃபுஜி பல ஆண்டுகள் வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு இப்படிப்பட்ட கருவிகள் மளமளவென்று வந்தன. திருடிய வாக்கியங்களைப் பிடிக்க மென்பொருள் வந்தது. திருடர்கள் சொற்களை மாற்றிப்போடும் மென்பொருளுக்குப் போனார்கள். அது 'இரத்த அழுத்தம்' என்பதை 'உதிர நெருக்கடி' என்று மாற்றுவதுபோல வேலை பார்க்கும். 2021-ல் கியோம் கபனாக் முதலிய மூவர் அந்தக் கோணல் சொற்களையே பட்டியல் போட்டு, கணினியை விட்டுத் தேடச் சொன்னார்கள். தனிப் பதிவு எழுதலாம், அவ்வளவு வேடிக்கை.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. நிக் பிரவுன் என்று ஒருவர். கணினித் துறையில் வேலை பார்த்துவிட்டு, ஐம்பதுக்கு மேல் உளவியல் படிக்கப் போனவர். அவரும் ஜேம்ஸ் ஹெதர்ஸ் என்பவரும் 2016-ல் வெளியிட்ட சோதனையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யும். 25 பிள்ளைகளிடம் 1 முதல் 7 வரை ஒரு முழு எண்ணைச் சொல்லச் சொல்கிறோம். சராசரி 3.47 என்று கட்டுரையில் இருக்கிறது. நடக்குமா? மொத்தம் 86 என்றால் சராசரி 3.44. 87 என்றால் 3.48. நடுவில் எதுவும் கிடையாது. 3.47 என்று எழுதியவர் ஒன்று தப்பாக வகுத்திருக்கிறார், அல்லது ஆள் எண்ணிக்கை பொய், அல்லது வேறேதோ சங்கதி. உளவியல் இதழ்களில் இப்படிச் சோதிக்க முடிந்த 71 கட்டுரைகளை எடுத்தார்கள். 36-ல் குறைந்தது ஒரு சராசரியாவது வர வாய்ப்பே இல்லாத எண்.

இதே வகைச் சோதனைகளில் சிக்கியவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் வான்சிங்க். பள்ளி மதிய உணவில் பிள்ளைகளைக் காய்கறி சாப்பிட வைப்பது எப்படி என்று நாட்டுக்கே சொல்லிக் கொடுத்தவர். பீட்சா உணவகம் பற்றிய அவருடைய நான்கு கட்டுரைகளில் மட்டும் நூற்றைம்பது அளவுக்குப் பொருந்தாத எண்கள் என்று 2017-ல் பிரவுனும் வேறு இருவரும் பட்டியலிட்டார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பியது. ஆப்பிளில் பொம்மைப் படம் ஒட்டினால் 8 முதல் 11 வயதுப் பிள்ளைகள் அதிகம் எடுக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை. விசாரித்தால் அவர்கள் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள்! அங்கன்வாடிக் குழந்தைக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் பள்ளிக்கூடத்துக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். 2018-ல் பல்கலைக்கழகம் அவர் முறைகேடு செய்ததாக முடிவு சொன்னது. ராஜினாமா செய்தார்.

கணக்கு சந்தேகப்பட்டால் உடனே ஆளைத் தூக்கில் போடு என்று கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஸ்பெயின் கதையைக் கேட்க வேண்டும்.

2017-ல் கார்லைல் தன் முறையைக் கணினியில் ஏற்றி, எட்டு இதழ்களில் வந்த 5087 ஆய்வுகளை ஒரே மூச்சில் சலித்தார். அதில் சிக்கியவற்றில் ஒன்று, ஆலிவ் எண்ணெய், கொட்டைப் பருப்புகள் சேர்ந்த மத்தியதரைக்கடல் உணவு மாரடைப்பைத் தடுக்குமா என்று ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஸ்பெயினில் செய்த பெரிய ஆய்வு. 2013-ல் வெளிவந்து உலகமே கொண்டாடியது. அதன் முதல் அட்டவணை குலுக்கல் போலத் தெரியவில்லை.

ஆய்வாளர்கள் அதை மான அவமானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தார்கள். காரணம் கிடைத்தது. ஓரிடத்தில், பக்கத்து வீட்டுக்கு மட்டும் எண்ணெய் இலவசம், எங்களுக்குக் கொட்டைதானா என்று ஜனங்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். தொல்லை பொறுக்காமல் அங்கிருந்த ஆய்வாளர் ஊருக்கே ஒரே பிரிவு என்று போட்டுவிட்டார்! ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு அந்த மனுஷனின் நிலைமை புரியும். பொய் இல்லை, ஆனால் குலுக்கலும் இல்லை. 2018 ஜூனில் கட்டுரையைத் தாங்களே திரும்பப் பெற்று, கணக்கைத் திருத்தி, முடிவின் சுருதியைக் கொஞ்சம் குறைத்து மறுபடி வெளியிட்டார்கள். எண் கையைக் காட்டியது. என்ன நடந்தது என்று சொன்னது பதிவேடு.

அந்தப் பதிவேட்டைக் கேட்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொரோனா காலத்தில் ஐவர்மெக்டின் கொடுத்தால் சாவு வெகுவாகக் குறைகிறது என்று எகிப்தின் பென்ஹா பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு இணையத்தில் வந்தது. உயிர் பயத்தில் இருந்த உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. 2021-ல் லண்டனில் மருத்துவம் படித்த ஒரு மாணவர் அதன் மூலத் தரவுக் கோப்பைத் தேடிப் போனார். கோப்புக்குக் கடவுச்சொல் பூட்டு. 1234 என்று அடித்துப் பார்த்திருக்கிறார், திறந்துகொண்டது. உள்ளே, ஆய்வு தொடங்கும் முன்பே இறந்தவர்கள் ஆய்வில் இறந்ததாக இருந்தார்கள். நிக் பிரவுனும் பார்த்தார். ஒருவரின் விவரத்தையே நகலெடுத்து இன்னொருவராக ஒட்டிய வரிசைகள் ஏராளம். கட்டுரை நீக்கப்பட்டது. அதற்குள் அதைச் சேர்த்துக்கொண்ட தொகுப்பு ஆய்வுகள் ஊரெல்லாம் சுற்றிவிட்டன.

கார்லைல் பின்னாளில் அதே 'அனஸ்தீசியா' இதழின் ஆசிரியர்களில் ஒருவரானார். 2017 பிப்ரவரி முதல் 2020 மார்ச் வரை அங்கே வந்து சேர்ந்த 526 ஆய்வுகளை அவரே சோதித்து எழுதிவைத்திருக்கிறார். அவற்றில் 373 ஆய்வுகளுக்குக் கட்டுரை மட்டும்தான் கையில். அவற்றில் பொய்த் தரவு என்று கண்டுபிடிக்க முடிந்தது 6. மீதி 153 ஆய்வுகளுக்கு, ஒவ்வொரு நோயாளியின் விவரமும் வரிசை வரிசையாக இருக்கும் மூலத் தாளை வாங்கிப் பார்த்தார். அவற்றில் 67-ல் பொய்த் தரவு. அதிலும் 40 ஆய்வுகளை, உயிர் இல்லாமல் நடமாடும் பிணம் என்ற பொருளில் ஸோம்பி என்றே பெயரிட்டார். யார் யாரிடம் மூலத் தாள் கேட்டார்கள் என்பதைப் பொறுத்தது இது, உலகம் முழுவதும் நூற்றுக்கு 44 பொய் என்று அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம்.

ஆள் அதே ஆள், கணக்கும் அதே கணக்கு. கட்டுரையை மட்டும் பார்த்தபோது 373-க்கு 6. நோட்டை வாங்கிப் பார்த்தபோது 153-க்கு 67.